பள்ளியறைக் கண்ணாடியில் காண்பது யார்?

பதியிலும் நிழல்தாங்கலிலும் பள்ளியறைக்கு நேரே நின்று வணங்கும் அன்பருக்கு அங்கே சிலை எதுவும் தெரிவதில்லை. இருபுறமும் குத்துவிளக்கு எரிகிறது. நடுவே ஒரு கண்ணாடி. அதற்குள் கும்பிட்ட கையோடு அவரே நிற்கிறார். வெளியூரிலிருந்து முதன்முறை வருகிறவர்கள் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். "சாமி எங்கே இருக்கு?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பவர்களும் உண்டு. பணிவிடைக்காரர் நெற்றியில் நாமம் இட்டுவிட்டு, "கண்ணாடியப் பாருங்க" என்று மட்டும் சொல்வார். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவருக்கு நேரமில்லை, அடுத்தவர் நெற்றி காத்திருக்கிறது.

சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகிய அன்புக்கொடி மக்களுக்கு இந்தத் திகைப்பு வருவதில்லை. அவர்களுக்கு வர வேண்டியது அதுதான். தலைப்பாகை நேராக இருக்கிறதா, நாமம் கோணாமல் விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து, சுருள் வைத்து வணங்கிவிட்டு வெளியே வந்துவிடுவது எளிது. ஆண்டுக்கணக்காக அப்படியே வந்து போகிறவர்கள் பலர். அய்யா காட்டச் சொன்னதை அவர்கள் பார்த்தார்களா என்பதுதான் இங்கே கேள்வி.

கண்ணாடி எதற்காக என்று கேட்டால், "இறைவன் உனக்குள்ளே இருக்கிறார் என்று காட்டுவதற்கு" என்ற பதில் எல்லாத் தாங்கலிலும் கிடைக்கும். சரியான பதில், ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. உனக்குள்ளே என்றால் எங்கே? கண்ணாடியில் தெரியும் அந்த முகத்திலா? ஐந்து வயதில் அப்பா தோளில் தூக்கிக் காட்டியபோது அதே கண்ணாடியில் தெரிந்தது பால்பல் விழாத ஒரு முகம். முப்பதில், கல்யாணமான புதிதில், மனைவியோடு வந்து நின்றபோது தெரிந்தது வேறு முகம். எழுபதில் புருவமும் நரைத்துவிட்டது. இம்மூன்றில் இறைவன் எந்த முகம்? முகங்கள் வந்தன, போயின. ஆனால் "அன்றைக்கும் நான்தான் பார்த்தேன், இன்றைக்கும் நான்தான் பார்க்கிறேன்" என்று உள்ளே சொல்கிற ஒன்று இருக்கிறதே, அதற்கு நரை விழவில்லை, அதற்குப் பல்லும் விழவில்லை.

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கண்ணாடியைக் காண்பது கண். கண்ணில் புரை விழுந்து உருவம் மங்கினால், "கண் மங்கலாகத் தெரிகிறது" என்பதை அறிவது மனம். அந்த மனம் ஒருநாள் கலங்கியிருக்கிறது, ஒருநாள் தெளிந்திருக்கிறது. "இன்று மனசு சரியில்லை" என்று அறிவது எது? அது மனத்துக்கும் பின்னால் நிற்கிறது. அதை அறிய அதற்குப் பின்னால் இன்னொன்று இல்லை. கண்ணாடி எவ்வளவு துலக்கமாக இருந்தாலும் அதை ஓர் உருவமாகக் காட்ட முடியாது. ஆனால் அது இல்லாமல் கண்ணாடியில் எந்த உருவமும் தெரியாது. வேதாந்திகள் இதைச் சாட்சி என்பார்கள். எல்லாம் எதிலிருந்து தோன்றி எதில் ஒடுங்குகிறதோ அந்த ஒன்றை அகிலத்திரட்டு அம்மானை ஏகம் என்கிறது. பள்ளியறைக் கண்ணாடி பார்வையைத் திருப்பி அனுப்புவது அந்த இடத்துக்குத்தான்.

இதை நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறவர்கள் அய்யாவழி மக்கள். ஒருவரைக் கண்டால் "அய்யா உண்டு". பதிலுக்கும் "அய்யா உண்டு". இந்தச் சொல்லை நிறுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. "இருந்தார்" என்றால் அது கடந்துபோனது. "வருவார்" என்றால் இன்னும் வந்து சேராதது. "உண்டு" என்ற சொல்லில் காலம் காட்டும் உறுப்பு கிடையாது. இலக்கணம் அதைக் குறிப்பு வினைமுற்று என்கிறது. அவன் உண்டு, அவள் உண்டு, அது உண்டு, நான் உண்டு, நீ உண்டு என்று எதற்கும் எவருக்கும் அது மாறாமல் பொருந்துகிறது. ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்காமல், நேற்று என்றும் நாளை என்றும் பிரிக்காமல் "இருக்கிறது" என்று மட்டும் சொல்கிற சொல் அது. வழிபாட்டுச் சொல்லாக இதைவிடப் பொருத்தமானது தமிழில் கிடைப்பது அரிது.

இப்போதும் உண்டு என்றால், தேடிப் போய் அடைய வேண்டிய தூரம் எதுவும் அதற்கு இருக்க முடியாது. இங்கேதான் பலருக்குச் சந்தேகம் வருகிறது. "எப்போதும் இருக்கிறது என்கிறீர்கள், எனக்குத் தெரியவில்லையே" என்பார்கள். அந்த "தெரியவில்லை" என்பது எப்படித் தெரிந்தது?

ஏடு வாசிப்புத் திருநாளில் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவதுண்டு. பெரிய குற்றமில்லை, பகலெல்லாம் வேலை செய்த உடம்பு. விழித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "நல்லாத் தூங்கிட்டேன், ஒன்னுமே தெரியல" என்பார். நல்ல தூக்கம் என்றும், அதில் ஒன்றும் தெரியவில்லை என்றும் அவர் துணிந்து சாட்சி சொல்கிறார். தூக்கத்தில் கண்ணும் காதும் மனமும் ஓய்ந்திருந்தன. ஊர் பெயர் இல்லை, கடன் இல்லை, சாதி இல்லை. ஆனால் ஒன்றுமில்லாததையும் அறிந்த ஒன்று ஓயாமல் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் காலையில் அந்தச் சாட்சியைச் சொல்ல ஆள் இருக்காது. விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றும் அதன்மேல் வந்து போகின்றன. நூல்கள் அதை நான்காவது என்று எண்ணித் துரியம் எனப் பெயரிட்டன. வசதிக்காக எண்ணியதே தவிர, மூன்றையும் முடித்துவிட்டு ஏறிப் போக வேண்டிய நாலாம் மாடி அது அன்று.

ஒரு பனையேறியை எண்ணிக்கொள்ளலாம். விடிவதற்கு முன் தளைநார் மாட்டி மரத்தில் ஏறுகிறார். பாதி உயரத்தில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் நினைவுக்கு வருகிறது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் முழங்கால் வலி. உச்சிக்குப் போனால் கடற்காற்று, கலயத்தில் நிறைந்த பதநீர், ஒரு சின்ன நிம்மதி. இறங்கும்போது மறுபடியும் கடன். அந்த அரைமணி நேரத்தில் கவலை வந்தது, வலி வந்தது, நிம்மதி வந்தது, மூன்றும் போயின. வந்ததையும் போனதையும் தெரிந்துகொண்டிருந்தது மட்டும் மரத்தில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பது வேறு. கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் அது உண்டு.

இதெல்லாம் படித்தவர்களின் வேதாந்தம், உழைக்கும் மக்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அய்யா இதை யாருக்குக் கொடுத்தார் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. 1809-இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டபோது, தாழ்ந்தவன் பிள்ளைக்கு முடி எதற்கு என்று எதிர்த்து, முத்துக்குட்டி என்று மாற்ற வைத்த காலம் அது. திருவிதாங்கூர் அரசில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெரிய கோயில்களின் வாசலை மிதிக்கக் கூடாது. தோள்சீலைக்கு அரசின் அனுமதி வந்தது 1859-இல். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-இல். அதற்கு ஒரு நூறாண்டுக்கு முன்பே, கொல்லம் 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்த அய்யா, எந்தத் தலையில் துணி கட்டக் கூடாது என்றார்களோ அந்தத் தலையில் பாகை கட்டி நிற்கச் சொன்னார். எந்த முகம் கோயிலுக்குள் வரக் கூடாது என்றார்களோ அந்த முகத்தையே பள்ளியறைக் கண்ணாடியில் காட்டினார்.

பூட்டிய கோயிலின் சாவியை அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இறைவன் எங்கோ ஓர் இடத்தில் இருந்தால்தான் அந்த இடத்தைப் பூட்ட முடியும். பார்க்கிறவரின் பார்வைக்குப் பின்னாலேயே உண்டு என்றால் அதை எந்த அரசன் பூட்டுவான்? பின்னாளில் கேரளத்தில் நாராயண குரு 1927-இல் களவங்கோடத்தில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்தது பலருக்கும் தெரியும். தென்திருவிதாங்கூர்ப் பனங்காட்டில் அது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழக்கமாகியிருந்தது. இதை அய்யாவழிப் பிள்ளைகளே பள்ளியில் சொல்லத் தயங்குகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இனி ஒரு பிழையான புரிதலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலு புத்தகம் படித்தவர் சிலர், "எல்லாம் ஒன்றுதானே, நானே தெய்வம், பிறகு பணிவிடை எதற்கு, தர்மம் எதற்கு?" என்று பேசத் தொடங்குகிறார்கள். சாமிதோப்பு முத்திரிக்கிணற்றை நினைத்தால் இந்தப் பேச்சின் கோணல் தெரியும். வாளியில் ஏறி வந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் வாளி தன் தகரத்தைத் தட்டிக்கொண்டு "நானே கிணறு" என்றால் கேட்பவர் சிரிப்பார். தண்ணீர் ஒன்று என்பது உண்மை. வாளி பெரியது என்பது அகந்தை. பெயர், பட்டம், குடும்பப் பெருமை, "நான் இன்னார்" என்ற எண்ணம், இவையெல்லாம் கண்ணாடியில் தெரியும் உருவத்தைச் சேர்ந்தவை. உருவத்தைத் தெய்வம் என்று கொண்டாடினால் கண்ணாடி வைத்ததே வீண். அகிலத்திரட்டு கலி என்று பேசுவதை வெளியே எங்கோ அலையும் அரக்கனாக மட்டும் எண்ணக் கூடாது. உணர்வின்மேல் "நான், எனது" என்று படிந்து, தானே உணர்வு என்று நம்பவைக்கிற மாய்கையும் கலிதான். "நானே தெய்வம்" என்று மார்தட்டுகிறபோது பேசுவது பெரும்பாலும் அந்தக் கலியாகவே இருக்கும்.

அப்படியானால் தவமும் துவயலும் எதற்கு? எப்போதும் இருப்பதை அடைய முயற்சி எதற்கு? அய்யாவே ஆறு ஆண்டு தவமிருந்தார். வாகைப்பதியில் 700 குடும்பங்களை இருத்தித் துவயல் தவசு செய்யவைத்தார். நாளுக்கு மூன்று வேளை கடலில் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை மட்டும் உண்டு அவர்கள் வாழ்ந்தார்கள். பதில் துவைப்பதிலேயே இருக்கிறது. துவைக்கிறவர் புதிதாகத் துணி நெய்யவில்லை, வெண்மையைக் கடையில் வாங்கி வந்து பூசவுமில்லை. அழுக்கு போகிறது, இருந்த வெண்மை தெரிகிறது. வெண்மை முன்பே இருந்ததால் துவைக்க வேண்டாம் என்று யாரும் அழுக்குத் துணியை உடுத்துவதில்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தங்களைத் தீண்டத்தகாதவர் என்று உலகம் சொன்னதை உள்ளூர நம்பிவிட்ட மக்கள் அவர்கள். அந்த நம்பிக்கையும் ஓர் அழுக்கே. உடம்பு மீதிருந்த அழுக்கைவிட அதைத் துவைப்பது கடினமாக இருந்திருக்கும்.

"எல்லாம் ஒன்று என்றால் யாரை அய்யா என்று கூப்பிடுவது, அன்பு எங்கே போகும்?" என்று கலங்குகிற உள்ளங்களும் உண்டு. குறிப்பாகத் துன்பத்தில் அழுதுகொண்டு வருகிற தாய்மார். அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டே திருமால் லட்சுமிதேவிக்குச் சொல்லும் கதையாக அமைந்தது. ஒன்றாயிருப்பது சொல்லவும் கேட்கவும் இரண்டாகி உட்கார்ந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் கண்ணாடி முன் நின்று "அய்யா" என்று அழுகிறபோது, அந்த அழுகையை அடக்கிவிட்டுத்தான் ஏகத்தை உணர வேண்டும் என்ற விதி எதுவுமில்லை. அழுகை இருக்கிறது. அது இருக்கிறது என்ற அறிவும் இருக்கிறது. துக்கம் அவரை முழுதாக விழுங்கிவிட்டதுபோலத் தோன்றும் நேரத்திலும், "தாங்க முடியவில்லை" என்று அறிகிற இடம் உடையாமல் நிற்கிறது. அந்த இடத்தில் தலைசாய்ப்பதற்கும் அய்யாவிடம் தலைசாய்ப்பதற்கும் வேறுபாடு இல்லை. துக்கம் அதனால் உடனே தீர்ந்துவிடும் என்று சொல்வது பொய். துக்கத்தைத் தாங்க அடியில் ஒரு தரை உண்டு என்பது மெய்.

இந்த உணர்வு ஒருவருக்கு விளங்கியதா என்று எப்படி அறிவது? கண்ணை மூடி எத்தனை நாழிகை இருக்கிறார் என்று பார்த்து அறிய முடியாது. பள்ளியறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்படுகிறவரை எப்படிப் பார்க்கிறார் என்பதில் தெரிந்துவிடும். கண்ணாடி முன் அடுத்து வந்து நிற்கிறவருக்கும் அதே கண்ணாடி அவருடைய முகத்தைக் காட்டுகிறது. "நான் உண்டு" என்று இவருக்குள் தெரிகிற அதே உணர்வு அவருக்குள்ளும் அப்படியே தெரிகிறது. சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யாவிடம், ஒரு சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக இசைந்தால் விடுதலை என்று அரசன் சொன்னபோது அவர் இசையவில்லை. ஏகத்தை ஒரு சாதிக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்பதால் அந்த மறுப்பு அவருடைய போதனையிலிருந்து தானே வந்தது. ஆனால் இன்றும் சில தாங்கல்களில் திருநாள் வந்தால் வாகனத்தை முதலில் யார் தொடுவது, நோட்டீஸில் யார் பெயர் மேலே போடுவது என்று மனக்கசப்பு வருகிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டே அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்கிறார்கள். கண்ணாடி அவர்கள் இருவரையும் ஒரே சட்டத்துக்குள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

தர்மத்தை அய்யா இங்கேதான் வைத்தார். தாழ்த்தப்பட்டவரைத் தூக்கிவிடுவது தனியாகச் செய்கிற புண்ணியக் கணக்கு அன்று. ஒன்று என்று கண்ட கண்ணுக்கு அது இயல்பான அசைவு. காலில் முள் தைத்தால் கை தானே குனிகிறது. கை அதைத் தானம் என்று எழுதி வைப்பதில்லை. பதியில் பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் வரிசையில் உட்காரவைத்து உணவு படைப்பதை இந்த நோக்கில் பார்த்தால், பரிமாறுகிறவரும் உண்கிறவரும் ஏகத்தின் பணிவிடையில்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் இதைப் பழக விரும்புகிறவர்களுக்குக் கடினமான பயிற்சி எதுவும் தேவையில்லை. உச்சிப்படிப்பு நேரத்தில் தாங்கலுக்குப் போக முடிந்தால் போகலாம், முடியாதவர் இருந்த இடத்திலேயே நிற்கலாம். முதலில் கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்ப்பது. பிறகு அந்த நேரத்தில் மனதில் ஓடுவதைப் பார்ப்பது: அடுப்பில் வைத்த உலை, மகனுடைய பரீட்சை, ஊரில் ஒருவர் சொன்ன குத்தலான பேச்சு, எதுவானாலும் சரி, துரத்த வேண்டியதில்லை. பிறகு, முகமும் எண்ணமும் எதற்குத் தெரிகின்றனவோ அதன் பக்கம் கவனத்தை ஒரு கணம் சாய்ப்பது. அங்கே வெளிச்சமோ ஒலியோ காட்சியோ வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வந்தாலும் அது இன்னொரு உருவம்தான், அதையும் அறிகிற ஒன்று பின்னால் நிற்கும். மிகச் சாதாரணமாக, எப்போதும்போல, "இருக்கிறேன்" என்ற அறிவு இருக்கும். அவ்வளவு சாதாரணமாக இருப்பதால்தான் பலரும் இது அதுவாக இருக்காது என்று கடந்து போய்விடுகிறார்கள். ஒரு மூச்சு நேரம் அதிலேயே நின்று, "அய்யா உண்டு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். உலை பொங்கும்போதும் அது உண்டு.

நெற்றி நாமமும் இதையே சொல்கிறது. புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி எழும் அந்த வெண்சுடர் ஆன்ம சோதிக்கு அடையாளம். அய்யாவழிச் சின்னத்தில் 1008 இதழ்த் தாமரைமேல் அதே சுடர் நிற்கிறது. நாமம் இட்டவர் தன் நெற்றியைத் தானே பார்க்க முடியாது. கண்ணாடியில் பார்க்கலாம், அல்லது எதிரே நிற்பவர் நெற்றியில் பார்க்கலாம்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கண் தெரியாத அன்பருக்கு இந்தக் கண்ணாடியால் என்ன பயன்? பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, பள்ளியறைக்கு நேரே நின்று கும்பிடுகிற பாட்டிமாரைத் தாங்கல்களில் காணலாம். அவர்களுக்கு விளக்கும் தெரியாது, முகமும் தெரியாது. இருட்டாக இருக்கிறது என்பது தெரியும். எண்ணெய் மணம் தெரியும். பணிவிடைக்காரர் விரல் நெற்றியில் படுவது தெரியும். "நாமம் போட்டாச்சு பாட்டி" என்று பேத்தி சொல்வாள். "தெரியும் மக்கா" என்பார் பாட்டி.